சிவப்புச் சட்டை எவர்டன்

அம்மா அனுப்பிய குரல்பதிவை ஜெயந்தினி காலையில் தண்ணீர்ப் பீலியடியில் நின்று கேட்டாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

“ஏ புள்ள, நேத்து பாபாகிட்ட நம்ம பிரேமினி போட்டோவக் காட்டுனேன். செவப்புச் சட்ட போட்டு, கையில உறை மாட்டிக்கிட்டு நிக்கிறாளே, அது. பாத்த ஒடனே ‘லிவர்பூல்!’னு சொல்லிச் சிரிச்சாரு. அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்ததே இல்லடி. நானும் ‘ஆமா பாபா, லிவர்பூல்தான், என் சின்ன மக’ன்னு சொல்லிப்புட்டேன். மேட்ச் அன்னைக்குப் பெரிய டிவியில பாப்போம்னு சொல்லிருக்காரு. நீ குட்டைய ஒடச்சிறாத. தெரியுதா?”

ஜெயந்தினிக்கு நன்றாகத் தெரிந்தது. பிரேமினி லிவர்பூல் இல்லை. இந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் பிறந்த யாரும் லிவர்பூலாக இருக்க முடியாது. அவள் எவர்டனின் கோல் கீப்பர்.

அம்மா நாகலெட்சுமி குவைத்துக்குப் போய் நாலு வருடமாகிறது. அங்கே ஒரு வீட்டில், நடக்க முடியாத ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவரைத்தான் பாபா என்பாள். வீட்டு மேடம் அவருடைய மகள். வேலை நேரத்தில் அம்மா போனைத் தொடக்கூடாது என்பது மேடத்தின் சட்டம். ஒருமுறை தொட்டுப் பிடிபட்டதில் ஒரு மாதம் போன் மேடத்தின் அலமாரிக்குள் இருந்தது. அம்மா கிளம்பும்போது பிரேமினிக்குப் பன்னிரண்டு வயது. பந்து என்றால் அப்போது அவளுக்குப் பயம். இப்போது மலையிலிருந்து கல் உருண்டு வந்தாலும் கையை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பாள். அவள் விளையாடி அம்மா ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மேடம் குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவாள். அம்மாவும் பாபாவும் மட்டும்தான் வீட்டில் இருப்பார்கள். பாபா அந்த நேரத்தில் பெரிய டிவியில் எண்பதுகளில் நடந்த இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். யார் எந்த நிமிடத்தில் கோல் அடிப்பார்கள் என்று அம்மாவுக்கே மனப்பாடம். அந்த டிவியும், அதோடு இணைந்த டேப்லெட்டும், ரிமோட்டும் பாபாவுடையவை. அவர் மனது வைத்தால் அம்மா மகளைப் பார்க்கலாம். மனது வைக்காவிட்டால் இல்லை.

அவர் மனது வைத்தது லிவர்பூலுக்காக.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 1985க்குப் போக வேண்டும். சந்தியில் நஸார் நானாவின் கடையில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. கார் பேட்டரியில் ஓடும். வாரத்தில் ஒரு நாள் அதில் இங்கிலாந்துக் கால்பந்து காட்டுவார்கள். இரண்டு டிவிசன் ஆம்பிளைகளும் கடை வாசலில் நின்று பார்ப்பார்கள். அந்த நாட்களில் அங்கே லிவர்பூலும் எவர்டனும்தான் மாறி மாறி ஜெயித்தன. இரண்டும் ஒரே ஊர் என்று தெரிந்ததும் தோட்டத்துக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒரே ஊருக்குள் மேலும் கீழுமாக முறைத்துக்கொள்வது இவர்களுக்குப் புதிதில்லை. மேல் டிவிசன் லிவர்பூல் பக்கம் நின்றது. அதனாலேயே கீழ் டிவிசன் எவர்டன் பக்கம் நின்றது.

அந்த வருடத்துப் புது சீசன் தொடங்கியபோது டிவியில் ஆட்டத்தைக் காணவில்லை. கடை வாசலில் இருந்தவர்கள் ஆன்டனாவைச் சந்தேகப்பட்டார்கள். அதை மூங்கிலில் கட்டி உயர்த்தினார்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் திருப்பினார்கள், பிறகு கினிகத்தேனைப் பக்கம் திருப்பினார்கள். வாரக்கணக்கில் யாராவது ஒருவர் கூரைமேல்தான் இருந்தார். கூரைத் தகரம் நசுங்கியதும் நஸார் நானா எல்லோரையும் விரட்டிவிட்டார். போக இடமில்லாமல் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தவர்கள், டிவியில் வராவிட்டால் என்ன, நாமே ஆடிப் பார்ப்போம் என்று இறங்கினார்கள். கீழ் டிவிசன் கணேசமூர்த்தி அப்போது இருபது வயதுப் பொடியன். முட்டி வீங்கியிருந்ததால் அவரை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. அவர் கோயில் மைக்கை எடுத்து, டிவியில் வெள்ளைக்காரன் சொல்வதுபோல ஆட்டத்தைச் சொன்னார். தேயிலை மலையில் நின்ற பெண்கள் கொழுந்து எடுத்தபடியே கேட்டார்கள்.

மறு வருடம் சட்டை தைத்தார்கள். எந்த அணிக்கு எந்த நிறம் என்று ஒருவருக்கும் தெரியாது. கறுப்பு வெள்ளையில் இரண்டுமே சாம்பல்தான். ஹட்டன் துணிக்கடையில் சிவப்பும் நீலமும் இருந்தன. மேல் டிவிசன் முதலில் போய் நீலத்தை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த சிவப்பு கீழ் டிவிசனுக்கு வந்தது. அப்படியாக இந்தத் தோட்டத்தில் லிவர்பூல் நீலமாகவும் எவர்டன் சிவப்பாகவும் ஆயின. பல வருடம் கழித்துக் கலர் டிவி வந்தபோது உண்மை தெரிந்தது: அங்கே லிவர்பூல்தான் சிவப்பு, எவர்டன்தான் நீலம். கணேசமூர்த்தி அசரவில்லை. “மாத்திப் போட்டது அவனுங்க. வேணும்னா அவனுங்க மாத்திக்கிறட்டும்” என்று சொல்லிவிட்டார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஜெயந்தினி ஒருநாள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். அந்த வருடம் இங்கிலாந்தில் கால்பந்து லீக்கும் தொலைக்காட்சிக்காரர்களும் ஒப்பந்தத்தில் முட்டிக்கொண்டார்கள், சீசன் தொடங்கி டிசம்பர் வரை அங்கேயும் டிவியில் ஆட்டம் இல்லை என்று இருந்தது. விடுமுறைக்கு வந்தபோது இதைக் கணேசமூர்த்தியிடம் சொன்னாள். அவர், “அப்ப ஆன்டனாவுல கோளாறு இல்லியா?” என்று கேட்டார். பிறகு, “நஸார் நானா மவுத்தாகுறதுக்கு முந்தி தெரிஞ்சிருக்கணும்” என்றார்.

ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமைதான் ஆட்ட நாள்; மைக் பிடிப்பது கணேசமூர்த்திதான். அன்றைக்குத் தோட்டத்தில் மத்தியானத்தோடு வேலை விட்டுவிடுவார்கள். இந்த வருடம் ஆம்பிளைகளின் ஆட்டத்துக்கு முன்னால் பெண் பிள்ளைகளின் ஆட்டமும் உண்டு. இதுதான் முதல் தடவை.

ஜெயந்தினி வியாழக்கிழமை மாலை கணேசமூர்த்தியின் லயத்து வரிசை வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து ஒலிபெருக்கியின் வயரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததை வழியெல்லாம் மனதுக்குள் ஒழுங்குபடுத்தியிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஒழுங்கு கலைந்தது.

“மாமா.”

“வா புள்ள. என்ன, டீச்சர் வேல கெடச்சிருச்சா?”

“இன்னும் இல்ல மாமா. ஒரு விசயம் கேக்கலாம்னு... சனிக்கிழம கொமென்ட்ரியில, லிவர்பூல் எவர்டன்னு பேரு சொல்லாம, செவப்பு, நீலம்னு மட்டும் சொல்லலாங்களா?”

கணேசமூர்த்தி துணியைக் கீழே வைத்தார். “என்னது?”

“சும்மா. ஒரு மாத்தத்துக்கு.”

“சாமி பேரச் சொல்லாம பூச பண்ணுங்கிறியா?” அவர் வீட்டுக்குள் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: “இந்தா, இங்க வந்து கேளு. படிச்ச புள்ள சொல்லுது, எவர்டன்னு சொல்லப்புடாதாம்!”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “நீங்க பேசாமலே இருந்தா இன்னும் நல்லதுன்னு சொல்ல வந்திருக்கும். கூச்சத்துல பாதியோட நிறுத்திருச்சு.”

ஜெயந்தினி சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் காரணம் ஒரு பொய். அம்மா சொன்ன பொய்யை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

வீட்டில் பிரேமினி கையுறைகளை அடுப்பு மேல் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா சொன்னாரு?”

“மாட்டாராம்.”

“அந்தத் தாத்தாவுக்குத்தான் தமிழ் தெரியாதே?”

“எவர்டன்னு சொன்னா எந்த ஊர்க்காரனுக்கும் தெரியும்டி. மாமா நிமிசத்துக்குப் பத்து தடவ சொல்லுவாரு.”

பிரேமினி யோசித்தாள். “அப்ப நான் வேணும்னா நீலச் சட்ட போட்டுக்கிட்டா?”

“நீலந்தான் லிவர்பூல்னு அவருக்குத் தெரியாதே. அவருக்குச் செவப்புதான் லிவர்பூல்.”

“ஐயோ, எனக்குத் தல சுத்துது. நீயே பாத்துக்க. நான் பந்தப் பாத்துக்கிறேன்.”

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. மைதானத்தைச் சுற்றி மேட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. ஜெயந்தினி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக நடந்தாள். எங்கேயும் சிக்னல் இல்லை. கோயில் மதிலை ஒட்டிய இடத்தில் மட்டும் மூன்று கோடு காட்டியது. அண்ணாந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே, மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி மைதானத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். ஜெயந்தினிக்கு அந்த நேரத்தில் பௌதிகவியல் கை கொடுத்தது. ஹார்ன் முன்னால்தான் கத்தும், பின்னால் சத்தம் குறையும். மதிலின் மேல் ஏறி ஹார்னுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றாள். சிக்னல் இருந்தது. மைதானமும் முழுதாகத் தெரிந்தது. போதாததற்குப் போனின் மைக்கை அணைத்தே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். படம் மட்டும் போகட்டும். பாபா என்ன, படத்தைத்தானே பார்க்கப் போகிறார்.

மூன்று மணிக்கு அழைப்பு இணைந்தது. போன் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் கம்பளத்தில் காலை மடித்து உட்கார்ந்திருந்த அம்மா. பின்னால் ஒரு பெரிய நாற்காலியில் வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, கையில் ரிமோட். அம்மா மெலிந்திருந்தாள்.

“தெரியுது புள்ள, நல்லாத் தெரியுது! எம்மாம் பெருசா தெரியுது! அது யாரு, அதுவா நம்ம பிரேமினி? இம்புட்டு வளந்துட்டாளா?”

ஜெயந்தினி கையை ஆட்டாமல் போனைப் பிடித்துக்கொண்டாள்.

“வணக்கம், வணக்கம், வணக்கம்!” ஒலிபெருக்கி அதிர்ந்தது. “இதோ எவர்டன் மகளிர் அணி களத்தில் எறங்குகிறது! எதிரில் லிவர்பூல்! எவர்டன் தலைவி காசு சுண்டுகிறார்! எவர்டன்!”

மைக் அணைந்திருந்தது. அம்மாவும் பாபாவும் அமைதியாகப் பார்த்தார்கள்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பாபா ரிமோட்டை நீட்டி எதையோ அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அம்மாவிடம் ஏதோ சொன்னார்.

“புள்ள, சத்தம் வரலியாம். பாபாவுக்குச் சத்தம் வேணுமாம்.”

ஜெயந்தினி தலையை மட்டும் ஆட்டினாள். கேமரா மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது; அது அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

“சத்தமில்லாம என்ன மேட்சுன்னு கேக்குறாரு. அணைச்சிருவேங்கிறாரு புள்ள!”

பாபாவின் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் பக்கம் நகர்வது சின்னக் கட்டத்தில் தெரிந்தது. ஜெயந்தினி இயர்போனின் மைக்கை எடுத்து உதட்டோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்துச் சத்தம் தூரத்துச் சத்தத்தை அமுக்கும். அதற்குப் பக்கத்தில் சத்தம் இருக்க வேண்டும். அவள்தான் பேச வேண்டும். நிறுத்தாமல் பேச வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வுக்கே அவளுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். மைக்கைத் திறந்தாள்.

“அம்மா,” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. “பந்து... பந்து இப்ப நடுவுல இருக்கு. நம்ம புள்ளைங்ககிட்ட இருக்கு. கங்காணி வீட்டுப் புள்ள கொண்டு போகுது. போயிருச்சு. அவங்க எடுத்துட்டாங்க. நிலக்ஷி எடுத்துட்டா. அவ ரொம்ப வேகம்மா. ஓடுறா. ஓடி வர்றா. பிரேமினி முன்னால வர்றா, வர்றா... பிடிச்சிட்டா!”

“பிடிச்சிட்டாளா? ஆமா, ஆமா, பிடிச்சிட்டா!” அம்மா கம்பளத்தில் முட்டி போட்டு எழுந்தாள். பாபா தலையை ஆட்டினார். விரல் ரிமோட்டை விட்டு விலகியது.

அதற்குப் பிறகு ஜெயந்தினி நிறுத்தவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, எந்த லயம், யார் செருப்புப் போடாமல் ஆடுகிறாள், யார் அம்மா மேட்டில் நின்று திட்டுகிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கணேசமூர்த்தி மூச்சு விடும் இடத்தில் அவள் மூச்சு விட்டாள். அவர் ‘எ’ என்று தொடங்கும்போதெல்லாம் இவள் குரலை உயர்த்தினாள். லிவர்பூல் என்றும் சொல்லவில்லை, எவர்டன் என்றும் சொல்லவில்லை. நம்ம ஆளுங்க, அவங்க. அவ்வளவுதான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கங்காணி வீட்டுப் பிள்ளை தூரத்திலிருந்து அடித்த பந்து உள்ளே போனது. சிவப்புக்கு ஒன்று.

பாபா இரண்டு கைகளையும் தூக்கினார். “லிவர்பூல்!” என்றார். அம்மா அவரைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

இடைவேளை. தொண்டை வறண்டிருந்தது. மைக்கை அணைக்க வேண்டும் என்ற நினைவு வருவதற்குள், கையில் கம்பியில்லா மைக்கோடு கணேசமூர்த்தி மதிலைச் சுற்றி வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

“என்ன புள்ள, மதிலு மேல நின்னு தனியாப் பேசிக்கிட்டிருக்க? பிரேமினி இப்பத்தான் சொல்லிச்சு, நாகலெட்சுமி பாக்குதாமே? எங்க, எங்க?”

“மாமா, இருங்க...”

அவர் இருக்கவில்லை. எட்டி அவள் கையைப் பிடித்துப் போனைத் தன் பக்கம் திருப்பினார். போனோடு இயர்போன் மைக்கும் வர, இரண்டு மைக்குகளும் அவர் வாயருகே இருந்தன.

“குவைத்திலிருந்து இந்த ஆட்டத்தைக் கண்டுகளித்துக்கொண்டிருக்கும் நாகலெட்சுமி அவர்களுக்குத் தோட்டத்தின் சார்பில் வணக்கம்! எவர்டன் கோல் கீப்பரின் அம்மா! தங்கச்சி, ஒம் மக எவர்டனோட மானத்தக் காப்பாத்துறா! எவர்டன் ஒன்னு, லிவர்பூல் சைபர்!”

கூட்டம் கைதட்டியது. அவர் சந்தோசமாகப் போய்விட்டார்.

சின்னக் கட்டத்தில் பாபா முன்னால் குனிந்திருந்தார். “எவர்டன்?” என்றார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“எவர்டன்?” திரையைக் காட்டினார். சிவப்புச் சட்டைகளைக் காட்டினார். பிறகு நிறைய அரபு. ஜெயந்தினிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ரிமோட் மறுபடி அவர் கையில் நிமிர்ந்து நின்றது.

“அம்மா, உண்மையச் சொல்லிருங்கம்மா,” என்றாள் ஜெயந்தினி.

அம்மா கம்பளத்தில் இருந்து எழுந்தாள். தனக்குத் தெரிந்த அரபில் சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் கைகளால் சொன்னாள். ஒரு சின்னப் பெட்டியைக் காற்றில் வரைந்தாள். தன் கறுப்பு முக்காட்டைத் தொட்டாள், பாபாவின் வெள்ளை அங்கியைக் காட்டினாள். சிவப்புச் சட்டையைக் காட்டிக் கையை விரித்தாள். நீலச் சட்டையைக் காட்டிக் கையை விரித்தாள். எண்பத்தைந்து என்று விரலில் காட்டினாள்.

பாபா சிரிக்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. டிவியையே பார்த்தார். மைதானத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நீலச் சட்டை ஒன்றை ரிமோட்டால் சுட்டிக் கேட்டார்:

“லிவர்பூல்?”

“ஆமா பாபா. அதுதான் லிவர்பூல்.”

அவர் பொத்தானை அழுத்தினார். ஜெயந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவர்கள் இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள். அவர் அழுத்தியது சத்தத்தைக் கூட்டும் பொத்தான்.

“யல்லா, லிவர்பூல்!” என்றார் பாபா. நாற்காலியின் கையைத் தட்டினார். நீலத்துக்காகத் தட்டினார்.

“பாத்தியா புள்ள!” அம்மாவின் குரல் இயர்போனைக் கிழித்தது. “மனுசன் கட்சி மாறிட்டாரு! இவ்வளவு நேரம் எம் மகளுக்குக் கை தட்டிட்டு இப்ப அவ தோக்கணுங்கிறாரு!”

“நீங்க விடாதீங்கம்மா.”

“நான் ஏன் விடுறேன்? இருக்கு அவருக்கு.”

இரண்டாம் பாதியில் ஜெயந்தினிக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. மறைக்கவும் ஒன்றும் இல்லை. நிலக்ஷி பந்தோடு ஓடினால் பாபா கத்தினார். பிரேமினி பிடித்தால் அம்மா கத்தினாள். பாபா ஏதோ சொல்ல, அம்மா அரபில் பதில் சொல்லி, தமிழில் முடித்தாள்: “போங்க பாபா, ஒங்க லிவர்பூலும் நீங்களும்!” அந்த வீட்டில் அம்மா இப்படிப் பேசி ஜெயந்தினி கேட்டதில்லை. எப்போது பேசினாலும் சுவருக்குக் காது கேட்டுவிடும் என்பதுபோலத்தான் பேசுவாள். ஜெயந்தினி படத்தை விட்டுவிட்டுச் சின்னக் கட்டத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். “கேமராவ ஆட்டாத புள்ள!” என்று அம்மா அதட்டினாள்.

முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சிவப்புப் பக்கம் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து பந்தைக் கையால் அமுக்கிவிட்டாள். நடுவர் விசிலை ஊதி வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

“பெனல்டி!” கணேசமூர்த்தியின் குரல் உடைந்தது. “எவர்டனுக்கு வந்தது சோதனை!”

நிலக்ஷி பந்தை வைத்தாள். பிரேமினி கையுறைகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டாள். மைதானம் அடங்கியது. இயர்போனிலும் சத்தமில்லை. அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். பாபா நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார்.

நிலக்ஷி ஓடி வந்து அடித்தாள். பிரேமினி இடது பக்கம் பாய்ந்தாள். பந்து அவள் கையில் பட்டுத் தெறித்தது. மேட்டில் கீழ் டிவிசன் முழுவதும் எழுந்து கத்தியது. தெறித்த பந்து நேராக நிலக்ஷியின் காலுக்கே போனது. அவள் அதை மெதுவாகத் தட்டிவிட்டாள். பிரேமினி எழுந்திருக்க நேரமில்லை.

ஒன்றுக்கு ஒன்று.

“லிவர்பூல்! லிவர்பூல்!” பாபா ரிமோட்டை ஆட்டினார்.

“அம்மா...” என்றாள் ஜெயந்தினி.

“புடிச்சாளா இல்லியா? மொதப் பந்தப் புடிச்சாளா இல்லியா?” அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். “ரெண்டாவது பந்து யாரு அடிச்சாலும் போகும். பாபா, மொதப் பந்து! எம் மக புடிச்சா!” பாபாவின் முகத்துக்கு நேரே தன் இடது கையை நீட்டிக் காட்டினாள். பாபா கொஞ்சம் யோசித்துத் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டார்.

ஆட்டம் அப்படியே முடிந்தது. தோட்டத்து வழக்கப்படி ஆட்டம் சரிசமமாக முடிந்தால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு காகிதத்தில் செவ்வரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி வைத்து மடித்து மாரியம்மன் காலடியில் போட்டு எடுப்பார்கள். சிவப்பு வந்தால் கீழ் டிவிசன், வெள்ளை வந்தால் மேல் டிவிசன். பூசாரி ஏற்கெனவே பூவைப் பறித்துக்கொண்டிருந்தார்.

“புள்ள, பாபா என்னமோ கேக்குறாரு,” என்றாள் அம்மா. “அடுத்த மேட்ச் எப்பன்னு கேக்குறாரு.”

“அடுத்த வருசம்னு சொல்லுங்கம்மா.”

அம்மா சொன்னாள். பாபா கையை உதறினார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல் ஜெயந்தினிக்கே புரிந்தது. “ரீப்ளே. ரீப்ளே.”

“சமமா முடிஞ்சா மறுபடி ஆடணுமாம். கோப்பை ஆட்டத்துக்கு அந்தக் காலத்துல அதுதான் சட்டமாம். அடுத்த சனிக்கிழம இதே நேரம் பாக்கணுங்கிறாரு. என்னையும் ஒக்காரச் சொல்றாரு.” அம்மா குரலைத் தணித்தாள். “ஆடுவாங்களா புள்ள?”

ஜெயந்தினி மதிலில் இருந்து குதித்தாள். காகிதம் மடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் போய் நின்றாள். இயர்போனைப் பிடுங்கிவிட்ட போன் கையிலேயே இருந்தது. கோயில் வாசலிலும் ஒரு கோடு சிக்னல் மிச்சமிருந்தது.

“மாமா, பூக்கட்ட வேணாம்.”

கணேசமூர்த்தி நிமிர்ந்தார். “இப்ப என்ன? சாமிகிட்டயும் கேக்கப்புடாதா?”

“சாமிகிட்ட பொறவு கேக்கலாம் மாமா. இவங்க இன்னொரு தடவ ஆடட்டும். அடுத்த சனிக்கிழம.” போனை அவர் பக்கம் நீட்டினாள். “அம்மா பாக்குறதுக்கு வழி இருக்கு. ஆட்டம் இருந்தாத்தான் வழி.”

போனிலிருந்து தாடி வைத்த முகம் ஒன்று, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, “ரீப்ளே!” என்றது.

கணேசமூர்த்தி அந்த முகத்தைப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன.

“ரீப்ளே,” என்றார் மெதுவாக. “ஆமால்ல! டிவியில சொல்லுவான், ரீப்ளேன்னு. மறு வாரம் ஆடுவானுங்க. நமக்குத்தான் அது தோணவே இல்ல.” போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, எந்த டீமு நீங்க?”

“லிவர்பூல்!”

“அடக் கெரகமே,” என்றார் கணேசமூர்த்தி. “நல்ல மனுசன்னு நெனச்சேன்.” திரும்பி மைக்கில் முழங்கினார்: “இத்தால் சகலருக்கும் அறிவிப்பது! அடுத்த சனிக்கிழமை ரீப்ளே!”

நீலச் சட்டைப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். “சனிக்கிழம எனக்கு டியூசன் இருக்கு மாமா,” என்றாள் நிலக்ஷி. “பயந்துட்டா,” என்றாள் பிரேமினி, முழங்கையில் மண்ணோடு. “யாருக்குடி பயம்? காலையில எட்டு மணிக்கு வா, காட்டுறேன்.” “எட்டு மணிக்கே வர்றோம்!”

“எட்டு வேணாம், எட்டு வேணாம்!” போனுக்குள்ளிருந்து அம்மா கத்தினாள். “புள்ள, சொல்லு அவங்ககிட்ட. மேடம் பன்னெண்டரைக்குத்தான் வீட்ட விட்டுப் போவாங்க. நம்ம ஊருக்கு மூணு மணி. மூணுக்கு முந்தி வேணாம்னு சொல்லு!”

ஜெயந்தினி போனை உயர்த்திப் பிடித்தாள்.

“மூணு மணி,” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “மூணு மணிக்குத்தான்.”